துடக்கு வீட்டில் மூட்டிய அடுப்பு

இந்த மலரை அச்சடிக்கக் கொடுத்த மறுநாள், பாரிசில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் அச்சகம் வைத்திருக்கும் தம்பி எனக்கு ரெலிபோன் எடுத்தார்.

"அம்மா, நீங்கள் தந்த படம் மாறிப்போச்சுப் போல கிடக்கு. இதிலை ஒரு வெள்ளைக்கார மனிசியெல்லோ நிக்கிறா."

"மாறேல்லைத் தம்பி. அவதான்."

"அக்கா எண்டு எழுதியிருக்கு?"

"ஓம். அதுவும் மாறேல்லை."

அவர், "அப்ப மட்டையிலை குத்துவிளக்குப் போடுறதோ, சிலுவை போடுறதோ?" என்று கேட்டார். இரண்டையும் போடச் சொன்னேன். போட்டிருக்கிறார். நன்றாகத்தான் இருக்கிறது.

அவர் ஒருவர்தான் முகத்துக்கு நேரே கேட்டார். மற்றவர்கள் முதுகுக்குப் பின்னால் கேட்டார்கள். வேலை செய்த இடத்து முதலாளிக்கு நினைவு மலர் போடுகிறாளாம், இவளுக்கு வேறு வேலை இல்லையா என்று. அவர்களுக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்பியிருக்கிறேன். வாசிக்க விருப்பமில்லாவிட்டால் படத்தைப் பார்த்துவிட்டு மூடி வையுங்கள். எறிய வேண்டாம். அக்கா எதையும் எறிய விடாதவர்.

எங்கள் ஆட்களின் மரண அறிவித்தலில் ஊர்கள் வரிசையாக வரும். பிறந்தது ஓர் ஊர், கலியாணம் கட்டியது ஓர் ஊர், கண்ணை மூடியது குளிருக்குள் இன்னோர் ஊர். அக்காவுக்கு அந்த வரிசை இல்லை. பாரிசிலிருந்து வடக்கே ரயிலில் போய், ஒரு சின்ன நிலையத்தில் இறங்கி, வயல்களுக்குள்ளால் நடந்தால் ஒரு நீளமான செங்கல் வீடு வரும். அங்கே பிறந்தார், அங்கேயே இருந்தார். போன வருடம் அங்கேயே, தான் பிறந்த அறைக்கு அடுத்த அறையில், போய்ச் சேர்ந்தார்.

அந்த வீட்டை அக்காவின் பாட்டனார் எழுப்பினார். அவர் போலந்திலிருந்து கூலிக்கு வந்தவர். சீனி எடுக்கும் பீட்ரூட் கிழங்கு அங்கே வயல் வயலாக விளையும். அதைக் கிண்ட ஆள் தேவைப்பட்டது. கிண்டுவதற்கு ஆளைக் கூப்பிட்டவர்கள், சாப்பிட அந்த ஆளைப் பக்கத்தில் இருத்தவில்லை. ஊரில் இருந்த விடுதிக்காரன் போலந்துக்காரருக்கு மேசை இல்லை என்று சொல்லிவிட்டானாம். அவர்கள் குதிரை கட்டும் கொட்டிலில் வைக்கோலுக்கு மேல் படுத்தார்கள். பிறகு பாட்டனார், முதலாம் உலகச் சண்டையில் இடிந்து ஒருவரும் தேடாமல் கிடந்த ஒரு பண்ணை வீட்டை வாங்கினார். விழுந்த கல்லை எடுத்து விழுந்த இடத்திலேயே வைத்துக் கட்டினார். கட்டி முடித்ததும் வாசலில் பலகை அடித்தார். ஓபேர்ஜ், அதாவது சாப்பாடும் படுக்கையும் தரும் விடுதி. மேசை இல்லை என்று சொன்ன விடுதிக்காரனின் மகன், பின்னாளில் அந்த மேசையில் வந்து சூப் குடித்தானாம். அக்கா இதைச் சொல்லும்போதெல்லாம், "சூப்புக்குள்ளை ஒண்டும் போடேல்லை, நல்ல சூப்தான் குடுத்தவை" என்று சொல்லிச் சிரிப்பார். அக்கா பேசியது பிரெஞ்சு. என் காதில் விழுந்தது எங்கள் பேச்சில். அப்படியே எழுதுகிறேன்.

பாட்டனாருக்குப் பிறகு தகப்பனார், தகப்பனாருக்குப் பிறகு அக்கா. கலியாணம் கட்டவில்லை. ஏனென்று ஒருநாள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கும்போது கேட்டேன்.

"ஒருத்தன் கேட்டு வந்தவன். வீட்டை வித்துப்போட்டு பட்டணத்துக்கு வா எண்டான்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"வாசலைக் காட்டினன். வீட்டைச் சுத்திப் பாக்கச் சொல்லி எண்டு நினைச்சிருப்பான், பாவம்."

நாங்கள் அங்கே போன கதை இதுதான். என் வீட்டுக்காரர் பாரிசில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த சாப்பாட்டுக்கடை பூட்டுப்பட்டுவிட்டது. நாட்டுப்புறத்தில் ஒரு மதாம் குசினியில் சமைக்க ஆள் தேடுகிறார் என்று தகவல் வந்தது. லா சப்பலில் வேலைக்கு அலைந்த எல்லோரும் மாட்டேன் என்றார்கள். அங்கே தமிழ்க்கடை இல்லை, கோயில் இல்லை, பேச ஒரு நாதி இல்லை என்றார்கள். நாங்கள் போனோம். போன உடனே இவர் சட்டைப்பையிலிருந்து, இந்த நாட்டில் இருக்க அனுமதி தரும் விசாக் கார்த்தை எடுத்து நீட்டினார். அக்கா அதைக் கையில் வாங்கவே இல்லை. இரண்டு கோப்பையில் சூப்பை வைத்தார்.

"முதல் குடியுங்கோ. உது ஓடிப்போகாது."

மகள் அந்த வீட்டில்தான் எனக்குப் பிறந்தாள். எங்கள் ஊரில் சண்டை. அம்மாவால் வர ஏலாது. பிள்ளை பெற்றவளுக்குச் சரக்கு அரைத்துக் கறி வைத்துக் கொடுக்க வேண்டும், ஆர் இருக்கிறார்கள்? இவர் லா சப்பலுக்குப் போய் மிளகும் மல்லியும் மஞ்சளும் வாங்கிவந்தார், ஆனால் இடிக்கத் தெரியாமல் பையோடு நின்றார். அக்கா பையைப் பறித்து எல்லாவற்றையும் கோப்பிக்கொட்டை அரைக்கும் மெசினில் கொட்டி அரைத்தார். அடுத்தநாள் காலமை விருந்தினர் குடித்த கோப்பி எல்லாம் மிளகு. ஒருவர் இருமி இருமி, "மதாம், இதென்ன கோப்பி?" என்று கேட்டார். "இது பிள்ளை பிறந்த வீட்டுக் கோப்பி. குடிச்சால் குடியும், இல்லாட்டி விடும்" என்றார் அக்கா. அன்றைக்குத்தான், உங்கள் ஊரில் இதெல்லாம் செய்கிறவளை என்னவென்று கூப்பிடுவீர்கள் என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். அதற்குப் பிறகு மதாம் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டார்.

எல்லாவற்றிலும் ஒத்துப்போனோம் என்று நினைக்காதீர்கள். இவர் ஒரு முறை விருந்தினர் மண்டபத்துக்குக் கோழிக்கறி வைக்கலாமா என்று கேட்டார். "கறி வேணுமெண்டால் லா சப்பலுக்குப் போகட்டும். இது என்ரை பாட்டன்ரை வீடு. இஞ்சை முட்டைக்கோவாவும் பண்டியிறைச்சியும்தான்" என்று முகத்தில் அடித்தமாதிரிச் சொல்லிவிட்டார். ஆனால் விருந்தினர் போனபிறகு குசினியில் எங்களோடு இருந்து அந்தக் கறியைக் கையால் பிசைந்து சாப்பிடுவார். கதவைச் சாத்திவிட்டுத்தான்.

செவ்வந்திப் பூக் கதையையும் சொல்ல வேண்டும். நாங்கள் போன முதல் இலையுதிர் காலத்தில் ஒரு கலியாணப் பகுதி சாப்பிட வருவதாக இருந்தது. கடையெல்லாம் மஞ்சள் செவ்வந்திச் சாடி குவிந்து கிடந்தது. சாமிக்கு வைக்கும் பூ, மங்களமான பூ என்று நான் வாங்கிவந்து வாசலின் இரண்டு பக்கமும் வரிசையாக வைத்தேன். கலியாணப் பொம்பிளையின் தாய் காரால் இறங்கி, வாசலைப் பார்த்து, அந்த இடத்திலேயே அழத்தொடங்கிவிட்டா. இந்த நாட்டில் அது சவக்காலைப் பூ. கல்லறைக்கு வைக்கத்தான் அந்த மாதம் கடைகளில் குவிக்கிறார்கள். எனக்கு ஆர் சொன்னது? அக்கா ஓடிவந்தார். சாடி எல்லாவற்றையும் நானும் அவருமாகக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் இழுத்தோம். ஏசப்போகிறார் என்று நின்றேன். அவர் கோழிக்கூட்டில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அந்தச் சிரிப்பு பிறகு ஒருநாள் பயன்பட்டது. அக்காவின் தம்பி இறந்தபிறகு வீட்டில் பாதி அவருடைய மகனுக்குப் போனது. அவர் லீல் பட்டணத்தில் கந்தோரில் எழுத்து வேலை செய்பவர். மோசமானவர் இல்லை. சின்ன வயதில் பள்ளிக்கூட விடுமுறைக்கு வந்தால் என் அடுப்படியிலேயே கிடப்பார். ஆனால் வளர்ந்தபிறகு, இந்தப் பழைய வீட்டைக் கட்டியழுது என்ன காண்கிறீர்கள், விற்றுவிடுவோம் என்று அக்காவை அரிக்கத் தொடங்கினார். சாமான் அடுக்கிவைக்கும் ஒரு கம்பனி கேட்டதாம். வீட்டை இடித்துக் களஞ்சியம் போடப்போகிறார்களாம். வீடு பார்க்க ஆட்கள் வருகிற நாள் காலையில் அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, போய் அந்தப் பூ வாங்கிக்கொண்டு வா. கடையிலை உள்ளதெல்லாத்தையும் வாங்கு."

கம்பனிக்காரர் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். வாசலிலிருந்து குசினி வரை மஞ்சள் செவ்வந்தி. அக்கா கறுப்புச் சட்டை போட்டுக் கதிரையில் இருந்தார்.

"மன்னிக்க வேணும், மதாம். வீட்டிலை ஆரும் தவறிப்போச்சினமோ?"

"இன்னும் இல்லை," என்றார் அக்கா. "நீங்கள் வாங்கினால் நடக்கும். எண்டபடியால் முன்கூட்டியே வைச்சிருக்கிறன்."

மருமகனுக்கு, அதாவது அக்காவின் தம்பி மகனுக்கு, முகம் சிவந்துபோயிற்று. வந்தவர்கள் கூரையைக்கூடப் பார்க்காமல் போனார்கள். நான் இருக்கும் வரைக்கும் பேச்சை எடுக்காதே, நான் போனபிறகு உன் இஷ்டம் என்று அக்கா அன்றைக்கு அவருக்குச் சொல்லிவிட்டார். சட்டப்படி அக்காவின் பாதியும் அவருக்குத்தான் போகும். அது எனக்கும் தெரியும். அந்த வீடு எப்போதும் ஒரு மூச்சில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

இனி அடுப்பு. தம்பியார் இறந்த அன்று காலையில் நான் குசினிக்குள் போனேன். அக்கா அழுதுகொண்டே பாண் சுடும் போறணை அடுப்புக்கு விறகு வைத்துக்கொண்டிருந்தார். எனக்குத் திடுக்கிட்டது. எங்களில் செத்தவீட்டில் துடக்கு, அதாவது சாவுத் தீட்டு; அடுப்பு மூட்டமாட்டோம். சவம் எடுக்கும் வரை சொந்தக்காரர் கொண்டுவருவதைத்தான் சாப்பிடுவோம்.

"அக்கா, இண்டைக்கு வேண்டாம். நான் பக்கத்து வீட்டிலை கேட்டு ஏதும் கொண்டுவாறன்."

"எங்கடை வீட்டிலை அப்பிடி இல்லை," என்றார். பாட்டியார் இறந்தது கிழங்கு கிண்டும் காலத்திலாம். கூலியாட்கள் விஷயம் தெரியாமல் மத்தியானம் பசியோடு வந்து வாசலில் நின்றார்களாம். பாட்டனார் கண்ணைத் துடைத்துவிட்டுப் போய் அடுப்பை மூட்டினாராம். சாவு எங்களுக்கு, பசி அவர்களுக்கு என்றாராம். அன்றிலிருந்து அந்த வீட்டில் ஆர் செத்தாலும் விடுதி பூட்டுவதில்லை. சவம் வீட்டுக்குள் இருக்கும், பாண் வேகும், வந்தவன் சாப்பிடுவான்.

அக்கா படுக்கையில் விழுந்தபோது நாங்கள் பாரிசுக்கு வந்துவிட்டோம். இவருக்கு ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி போக வேண்டியிருந்ததால் மார்க்ஸ் டோர்மோயில் சின்ன வீடு எடுத்திருந்தோம். விடுதியை மகள்தான் அக்காவோடு நின்று பார்த்தாள். நான் கார் து நோரில் ரயில் ஏறிப் போய்ப் போய் வந்தேன். கடைசி நாட்களில் அக்கா பிரெஞ்சையும் விட்டுவிட்டார். கோழிகளோடு மட்டும் பேசும் போலந்து மொழியில் எங்களோடு பேசினார். நான் தமிழில் பதில் சொன்னேன். இரண்டு பேருக்கும் குறையொன்றும் தெரியவில்லை. ஒரு விடியற்காலையில், மகள் தலையணையைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது, மூச்சு நின்றது.

மருமகன் மகளுக்கு ரெலிபோனில் சொன்னார். அடக்கம் முடிந்ததும் விடுதி பூட்டப்படும். பூட்டு மாற்றும் ஆளோடு வருவேன். உங்கள் சாமான்களை எடுத்துவையுங்கள். மகள் என்னிடம் வந்து, வழக்கம்போலப் பிரெஞ்சில், "அம்மா, முடிஞ்சுது" என்றாள்.

அக்காவின் அடக்கத்தன்றும் போறணையை மூட்ட வேண்டும் என்று நான் இவரிடம் சொன்னேன். அந்த நேரம் பார்த்து, பாரிசுக்கு வெளியே சார்செலிலிருந்து என் மச்சாள், இவருடைய தங்கை, ரெலிபோன் எடுத்தா.

"மச்சாள், அடுப்பு மூட்டப்போறியளாம் எண்டு அண்ணை சொன்னார். நான் ஒண்டு கேக்கிறன், கோவிக்கக் கூடாது."

"கோவம் வாறதும் வராததும் நீங்கள் கேக்கிறதிலைதானே இருக்கு. கேளுங்கோ."

"அவ உங்களுக்கு அக்கா எண்டால் உங்களுக்குத் துடக்கு. துடக்கு எண்டால் அடுப்பு மூட்டேலாது. மூட்டினீங்களெண்டால் அவ உங்களுக்கு அக்கா இல்லை, முதலாளி. நீங்கள் வேலைக்காரி. ஒண்டைச் சொல்லுங்கோ."

மச்சாள் சொன்னதில் பிழை இல்லை. எங்கள் முறை அதுதான். நான் முறையை மீறி வளர்ந்தவளும் இல்லை. ஆனால் அக்காவின் முறையும் ஒரு முறை. அந்த வீட்டிலும் ஆட்கள் செத்திருக்கிறார்கள், அழுதிருக்கிறார்கள். மூட்டாவிட்டால் மருமகன் வரும்போது வீடு குளிர்ந்துபோய், பூட்டுவதற்கு ஆயத்தமாக இருக்கும். பூட்டத்தான் செய்வார். பிறகு ஆர் வந்து திறப்பார்?

"துடக்கு எனக்கு இருக்கு மச்சாள்," என்றேன். "கோயிலுக்குப் போகமாட்டன். சாமிவிளக்கு ஏத்தமாட்டன். நல்ல காரியத்துக்கு முகம் காட்டமாட்டன். அடுப்பை மட்டும் மூட்டுவன். அவவின்ரை தங்கச்சி மூட்டாமல் வேறை ஆர் மூட்டுறது?"

"ஊர் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். சிரிச்சுப்போட்டுப் பசிச்சால் வரட்டும்."

சொன்னபடி செய்தேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி கழியும் வரை கோயில் படி மிதிக்கவில்லை. வீட்டில் விளக்கு ஏற்றவில்லை. அடக்கத்தன்று விடிய எழும்பித் தலைக்கு முழுகிவிட்டு, பாண் போறணைக்கு விறகு வைத்து மூட்டினேன். இவர் முழங்கால் நோவோடு வந்து மா குழைத்தார். மகள் பெரிய பானையில் பீட்ரூட் சூப் ஏற்றினாள்.

கிராமத்துத் தேவாலயத்தில் பூசை முடிந்து, சவக்காலையில் மண் போட்டு, எல்லோரும் வீட்டுக்கு வந்தோம். நான் நினைத்ததைவிடக் கூட்டம். தோட்டக்காரர்கள், லொறி ஓட்டுகிறவர்கள், ஒரு காலத்தில் அங்கே கலியாணம் செய்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள். மருமகன் கடைசியாக வந்தார். பின்னால் பூட்டு மாற்றுகிற ஆள் வேலைச் சாமான் பெட்டியோடு வந்தான். வாசலுக்குள் காலை வைத்ததும் மருமகன் நின்றுவிட்டார். பாண் மணம் தெருவரைக்கும் வந்தது.

"ஆரைக் கேட்டு அடுப்பு மூட்டினனீங்கள், மதாம்?"

"உங்கடை அப்பா செத்தண்டு ஆரைக் கேட்டு மூட்டினது?" என்று நான் கேட்டேன். "அண்டைக்கு நீங்கள் இரண்டாந்தரமும் சூப் வாங்கிக் குடிச்சனீங்கள். நான்தான் ஊத்தினனான்."

பூட்டுக்காரன் மருமகனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பானையைப் பார்த்தான். பிறகு பெட்டியைக் கீழே வைத்துவிட்டு மேசையில் இருந்தான். விடிய வெளிக்கிட்டவனாம், ஒன்றும் சாப்பிடவில்லையாம். நான் அவனுக்குச் சூப் ஊற்றினேன்.

அப்போது வாசலில் சத்தம். பார்த்தால், என் மச்சாள். சார்செலிலிருந்து ஒரு ரயிலில் வந்து, கார் து நோரில் மாறி, இன்னொரு ரயிலில் வந்து, வயலுக்குள்ளால் நடந்து, இரண்டு கையிலும் வாளி தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறா. சப்பாத்தெல்லாம் சேறு. வாளிகளுக்குள் சோறும், பருப்பும், கத்தரிக்காய்க் குழம்பும்.

"நீங்கள் மூட்டுறது உங்கடை பாடு," என்றா மூச்சு வாங்கிக்கொண்டு. "துடக்கு வீட்டுக்கு நான் வெறுங்கையோடை வரேலாது. எங்கை வைக்கிறது?"

செத்தவீட்டுச் சாப்பாடு சொந்தக்காரர்தான் கொண்டுவருவார்கள். நான் அவவின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இரண்டு பேரும் அழுதிருப்போம். வாளியை வாங்கி, விருந்தினர் மண்டபத்துப் பெரிய மேசையில், சூப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். அந்த மண்டபத்தில் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கறி வைக்கப்பட்டது. அக்கா இருந்திருந்தால் விட்டிருக்கமாட்டார்.

எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, சைக்கிளில் ஊர் சுற்றும் ஒரு புருசனும் பெண்சாதியும் வந்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. மழையில் நனைந்திருந்தார்கள். கறுப்பு உடுப்போடு நின்ற கூட்டத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பெண்சாதி, "மன்னிக்க வேணும், இண்டைக்குப் பூட்டோ?" என்று கேட்டா.

அவ கேட்டது, வாசலுக்குப் பக்கத்தில் நின்ற மருமகனைத்தான்.

அவருடைய பையில் வீட்டைப் பூட்டும் திறப்பு இருந்தது. பக்கத்தில் பூட்டுக்காரன் இருந்தான். மகள் கரண்டியோடு நின்றாள், நான் பாணோடு நின்றேன். மருமகன் தன் கதிரையில் கிடந்த மழைக்கோட்டை எடுத்தார். கதிரையை அந்தப் பெண்சாதிக்கு இழுத்துவிட்டார்.

"இல்லை, மதாம்," என்றார். "இந்த வீடு இப்பிடியான நாளிலை பூட்டுறேல்லை."

கூட்டம் கலைந்தபிறகு அவர் குசினிக்குள் வந்து, போறணைக்கு முன்னால் குந்தினார். சின்னப் பொடியனாக இருந்தபோது குந்துகிற அதே மாதிரி. பிறகு மகளைப் பார்த்துக் கேட்டார்:

"நாளைக்கு ஆர் மூட்டுறது?"

"நான்," என்றாள் மகள். தமிழில் சொன்னாள். அவருக்கு விளங்கியது.

அவர் வீட்டை விற்கவில்லை. பத்திரம் எழுதும் நொத்தேரிடம் போய், மகள் விடுதியை எடுத்து நடத்துவதற்கு எழுதிக்கொடுத்திருக்கிறார். வீடு அவருடையது, அடுப்பு எங்களுடையது. பாட்டனார் வைத்த கல் வைத்த இடத்தில் இருக்கிறது. களஞ்சியக் கம்பனி வேறு எங்கோ இடம் தேடிக்கொள்ளட்டும்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். அக்காவைத் தூக்கிய கிராமத்து ஆண்களுக்கும், அக்காவின் கோழிகளைத் தங்கள் கூட்டில் வைத்துப் பார்த்த அயல்வீட்டாருக்கும், எனக்கு விளங்காத பூசையை விளங்கும்படி மெதுவாகச் செய்த பாதிரியாருக்கும் நன்றி. கடையைப் பூட்டிவிட்டு ரயிலேறி வந்த லா சப்பல் ஆட்களுக்கும், ஆர்ஜொந்தெயிலிருந்து வந்து கோப்பை கழுவித் தந்த பிள்ளைகளுக்கும் நன்றி. மச்சாளுக்கு நன்றி. வாளிகள் இன்னும் இங்கேதான் இருக்கின்றன, வந்து எடுக்கட்டும். மருமகனுக்கு நன்றி. பூட்டை மாற்றாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன அந்த ஆளுக்கும் நன்றி. அவன் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு வருகிறான். வராதவர்களுக்கும், வந்தவர்களைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கும் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை, இந்தப் புத்தகத்தைத் தவிர.

அக்காவின் ஆண்டுத் திவசத்துக்கான மத்தியானச் சாப்பாடு அந்தப் பண்ணை வீட்டில்தான். நாளும் ரயில் நேரமும் கடைசிப் பக்கத்தில் இருக்கின்றன. மண்டபத்தை எங்களுக்கென்று பிடித்துவைக்கவில்லை. அன்றைக்கும் விடுதி திறந்திருக்கும், வழிப்போக்கர்களும் வந்து இருப்பார்கள். இடம் போதாவிட்டால் நெருக்கி இருங்கள்.

இங்ஙனம்,
தங்கச்சி